முத்திரையிட்ட கொடிப்போர்

செம்மறி ஆடு கடலைக்கொடி தின்னும் என்ற உண்மை 1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பதினேழாம் தேதி, காலை பதினோரு மணிக்குத் திருவள்ளூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பும் ஆடுகள் அதைத் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அதிகாரபூர்வமாகத் தின்னவில்லை.

இந்தக் குறையைப் போக்க ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. 'பயிர் உபபொருள் வழி வளர்பருவச் செம்மறித் தீவன அபிவிருத்திக் கிளை அலுவலகம்' என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போனதால், பாதிப் பலகை பக்கத்துச் சோடாக்கடைச் சுவரில் மாட்டப்பட்டது. 'கிளை அலுவலகம்' என்ற பாகம் சோடாக்கடைக்குப் போய்விட்டபடியால் மனு கொடுக்க வந்தவர்கள் முதலில் அங்கேதான் போனார்கள். சோடாக்கடைக்காரர் அவர்களை உட்காரவைத்து விசாரித்து அனுப்பினார். விசாரிக்கப்பட்டோம் என்ற திருப்தி பலருக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

அலுவலகத்தின் தலைவர் மணவாளன். சரித்திரத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவர். மொகலாயர் காலத்தை நன்றாகப் படித்தவர். ஆட்டைப் பற்றி அவருக்கு எந்தவிதமான முன் அபிப்பிராயமும் கிடையாது. அந்த வருஷம் அபிவிருத்தி என்றால் புஷ் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் என்று ஆகியிருந்தது. இரண்டும் அவரிடம் இருந்தன. ஒரு ஜீப்பையும் சுப்பிரமணி என்ற பியூனையும் சர்க்கார் கொடுத்தது. ஆடுதான் இல்லை.

ஆட்டைத் தேடிக்கொண்டு அவர் பெரியபாளையத்துப் பக்கம் உள்ள ஆரணிக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கும் கொக்குமேட்டுக்கு வந்தார்.

கொக்குமேட்டில் சடையப்பன், கங்கம்மா என்ற தம்பதிக்குப் பதினெட்டு செம்மறிக் குட்டிகள் இருந்தன. ஒன்றரை ஏக்கர் கடலை, கொஞ்சம் நெல், இதுதான் அவர்கள் ஜீவனம். மாசி மாதம் ஏர் மாட்டு ஜோடியில் ஒன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. மிச்சமிருந்த ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியாது. சம்பா உழவுக்குள் ஜோடி சேர்க்காவிட்டால் அந்த வருஷம் நிலம் தரிசுதான். அதற்கிருந்த ஒரே வழி அந்தப் பதினெட்டு குட்டிகள்.

பழவேற்காட்டு ஆட்டு வியாபாரி சலாஹுதீன் பாய் பங்குனியிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"ஆனி கடைசில பக்ரீத்து. அதுக்குள்ள நல்லா தேத்தி வை கங்கம்மா. கையி வச்சா முதுகெலும்பு தட்டப்படாது. அப்படி இருந்தா பதினெட்டையும் நானே ஓட்டிக்கினு போறேன்."

கங்கம்மா தேற்றிக்கொண்டிருந்தாள். கடலை பறித்த கொடியைப் பச்சை மாறாமல் நிழலில் உலர்த்திப் போர் போட்டிருந்தாள். காலையில் கொடி. மத்தியானம் தவிட்டில் உளுத்தம்பொட்டைக் கலந்து ஒரு கை. சாயங்காலம் ஆளுக்கு எலுமிச்சங்காய் அளவு புண்ணாக்கு. குட்டிகள் தொட்டியை விட்டுத் தலையை எடுப்பதில்லை.

இந்த நிலையில்தான் ஜீப் வந்து நின்றது.

"அம்மா, கடலை பறித்த பிறகு கொடியை என்ன செய்கிறீர்கள்?" என்று மணவாளன் கேட்டார்.

"ஆட்டுக்குப் போடறோம் சார்."

மணவாளன் சுப்பிரமணியைப் பார்த்து, "அதை எழுதாதே" என்றார். பிறகு கங்கம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். "அப்படிச் சொல்லக்கூடாது. வீணாக்குகிறோம் என்று சொல்லவேண்டும். வீணாகும் பொருளுக்குத்தான் திட்டம் இருக்கிறது."

"வீணாக்கலியே சார். ஒரு எலைகூட கீழ வுடறதில்ல."

"நீங்கள் போடுவது வழக்கம். நாங்கள் போடச் சொல்வது விஞ்ஞானம்."

"ரெண்டும் ஒரே கொடிதானே? ஆட்டுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"அதைத்தான் பரிசோதிக்கப்போகிறோம்."

கங்கம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. 'முன்மாதிரிச் செம்மறி விவசாயி திரு.' என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். சடையப்பன் அதைப் பார்த்துவிட்டான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பலகைப் பித்து பிடித்திருந்தது. ஆரணியில் முடிவெட்டுகிறவர்கூட 'நவீன சிகை நிபுணர்' என்று மாட்டியிருந்தார். சடையப்பனுக்கு அதுவரை தன் பெயரை எழுத்தில் பார்க்கிற பாக்கியம் நில வரி ரசீதில்தான் கிடைத்திருக்கிறது.

"திருன்னு போடுவாங்களா சார்?"

"கட்டாயம் போடுவோம்."

நாலு பக்கம் கொண்ட ஒப்பந்தத்தில் சடையப்பன் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டான். நாலாவது பக்கத்தில், திட்ட விதி மீறப்பட்டால் ஆடுகள் சர்க்கார் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை. மணவாளனும் வாசிக்கவில்லை.

"ஆட்டுப் புழுக்கை அள்றது நானு. போர்டு ஒனக்காய்யா?" என்றாள் கங்கம்மா.

"ஊட்டுக்குத்தானே வருது மே" என்றான் சடையப்பன்.

சுப்பிரமணி ஒன்பது குட்டிகளின் முதுகில் நீல வண்ணம் பூசினான். அவை 'பரிசோதனை ஆடுகள்'. வண்ணம் பூசாத ஒன்பதும் 'ஒப்பீட்டு ஆடுகள்'. அதன் பிறகு கொடிப்போரிலிருந்து ஒரு கட்டு எடுத்துச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்காகப் பையில் போட்டார்கள். போரைச் சுற்றிச் சணல் கயிறு கட்டி, முன்பக்கம் தெரு பார்த்தமாதிரி அரக்கு முத்திரை வைத்தார்கள். தவிட்டு மூட்டை வாய்க்கும் ஒரு முத்திரை.

"முடிவு வரும் வரை இதைத் தொடக்கூடாது" என்றார் மணவாளன்.

"சாயங்காலம் இன்னாத்த போடறது?"

மணவாளன் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். "ஒப்பீட்டு ஆடுகளுக்கு வழக்கமான தீவனம் போடலாம்."

"எங்க வழக்கமே கடலைக்கொடிதானே."

"அப்படியானால் அதையே போடுங்கள். இந்தப் போரிலிருந்து அல்ல. வேறு எங்காவது வாங்கி."

"நீலத்துக்கு?"

"அவற்றுக்குத் திட்டத் தீவனமான கடலைக்கொடி மட்டும்தான். ஆனால் ஆய்வு முடிவு வருகிறவரை கடலைக்கொடி என்பது கடலைக்கொடி அல்ல. அது மாதிரிப் பொருள்."

"அப்போ பட்டினியா சார்?"

"பட்டினி என்று பதிவேட்டில் பத்தியே கிடையாது அம்மா. 'தீவனம் நிலுவை' என்றுதான் இருக்கிறது. மேய்ச்சலுக்குத் தடையில்லை."

மேய்ச்சலுக்குத் தடையில்லைதான். சித்திரை மாதத்து ஏரிக்கரையில் வெயிலைத் தவிர மேய ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அப்பாவு, திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டு, தன் போரிலிருந்து ஒன்பது குட்டிக்கு மட்டும் கொடி கொடுத்தான். அவன் போரே சின்னது. ஆக, விஞ்ஞானத்துக்கு அகப்படாத ஒன்பதும் வயிறு முட்டத் தின்றன. அகப்பட்ட ஒன்பதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றன. சுப்பிரமணி வாரத்துக்கு இரண்டு நாள் சைக்கிளில் வந்து முத்திரையைப் பார்த்து, 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டு போனான். முத்திரை உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்தது.

வைகாசி நடுவில் சலாஹுதீன் பாய் வந்தார். வண்ணம் பூசாத ஒரு குட்டியின் முதுகில் கை வைத்துத் தலையை ஆட்டினார். நீலக் குட்டி ஒன்றைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஒரே தாய்ப்பாலு குடிச்ச குட்டிங்க. இது ஆடா இருக்குது, இது கூடையாட்டம் இருக்குது?"

"அது சர்க்கார் ஆடு பாய்."

"சர்க்காரே வச்சிக்கினு போட்டும். இந்த ஒம்பது எனக்கு வேணாம். குர்பானிக்கு நோஞ்சான் ஆட்டக் குடுத்தா எவன் வாங்குவான்? பேஜாராப் பூடும்."

ஒன்பது குட்டிக்குப் பாதி மாடுதான் வரும். பாதி மாடு ஏர் இழுக்காது.

மறுநாள் காலை கங்கம்மா பஸ் ஏறினாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பலகையைப் பார்த்துச் சோடாக்கடைக்குள் போனாள். சோடாக்கடைக்காரர் வழக்கம்போல விசாரித்து, "முடிவு வந்துடுச்சு போல இருக்கு, உள்ள போங்க" என்று அனுப்பினார்.

முடிவு வந்துதான் இருந்தது. மணவாளன் அதை நின்றுகொண்டு வாசித்தார்.

"'தாங்கள் அனுப்பிய மாதிரிப் பொருள், ஆய்வுக்கூட வளாகத்தில் புகுந்த ஓர் ஆட்டினால் முழுவதும் உட்கொள்ளப்பட்டுவிட்டது. ஆகவே அது தீவனத்துக்கு ஏற்றதா என்று சொல்ல இயலாத நிலையில் உள்ளோம். வேறு மாதிரி அனுப்பவும்.'"

கங்கம்மா அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஆடு துன்னுட்ச்சா சார்?"

"ஆமாம்."

"அப்புறம் இன்னா சார் ஆய்வு?"

"அது தெருவில் திரிந்த ஆடு அம்மா. அதன் கருத்து செல்லாது."

இரண்டாவது மாதிரி எப்போது போகும் என்று கேட்டாள். மாதிரிப் பைக்குக் கோரிக்கை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கங்கம்மா சர்க்கார் ஆட்களிடம் சத்தம் போட்டுப் பழகாதவள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அவள் கொக்குமேட்டில் இறங்கும்போது சடையப்பன் பட்டி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நீலக் குட்டிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. வலது காதில் வெள்ளைப் புள்ளி உள்ள குட்டி. பிறந்தபோது தாய் ஒதுக்கிவிட்டதால் கங்கம்மா துணியை நனைத்துப் பால் ஊட்டி வளர்த்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒட்டிப்போயிருந்தது. வாயில் சாக்கு நார் சிக்கியிருந்தது. முத்திரை வைத்த தவிட்டு மூட்டையை நக்கியிருக்கிறது.

"போர்ட எடுத்து அடுப்புல வச்சிடறேன் மே" என்றான் சடையப்பன்.

"போர்டு இன்னா பண்ணிச்சு, வுடு" என்றாள் கங்கம்மா.

தகவல் போய், மறுநாளே மணவாளன் வந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. பரிசோதனை ஆடு சாவதற்குத் திட்டத்தில் இடமில்லை. செத்தால் திட்டம் தோல்வி. திட்டம் தோல்வி என்றால் அவருக்கு ராமநாதபுரம் மாற்றல். வெகுநேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆடுகளை ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி கிடைத்தது. உயிரோடிருக்கும்போதுதான் மாற்றவேண்டும் என்று அதில் சொல்லவில்லை. அப்படியே இறந்த குட்டி, இறந்த பிறகு, ஒப்பீட்டு ஆடாக மாற்றப்பட்டது. 'விஞ்ஞானத் தீவனம் அளிக்கப்படாத ஆடுகளில் மரணம் நேர்ந்துள்ளது' என்ற முக்கியமான உண்மையும் அன்றைக்கே பதிவாயிற்று.

எழுதி முடித்ததும் அவர் கங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கங்கம்மா போரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். முன்பக்கம் கயிறு, முடிச்சு, அரக்கு எல்லாம் இருந்தது. பின்பக்கம் வேலியை ஒட்டி இருந்ததால் அதிகாரிகள் யாரும் அங்கே போனதில்லை. ஒரு கை விட்டு இழுத்தாள். கொடி பச்சை வாசனையோடு வந்தது.

"மே, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். போரைத் தொட்டா பதினேழையும் சர்க்கார் ஓட்டிக்கினு பூடும்னு அந்தப் பியூன் சொன்னான்" என்றான் சடையப்பன்.

"சாவட்டும்னு வுட்டா மட்டும் நம்மகிட்ட இருக்குமா?"

தவிட்டு மூட்டையின் அடித் தையலைப் பிரித்தாள். வாய் முத்திரை அப்படியே இருந்தது. முதல் மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டாள். காய்ந்த வயிறு திடீரென்று தாங்காது. பிறகு பதினேழும் ஒன்றாகத் தொட்டியில் தலை வைத்தன. ஆனி பிறந்தபோது நீலம் எது, வெறும் முதுகு எது என்று வண்ணத்தை வைத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. போர் மட்டும் பின்பக்கமாகக் குடைந்துகொண்டே போய், கடைசியில் நாடகக் கொட்டகைத் திரைமாதிரி முன்பக்கம் மட்டும் நின்றது. உள்ளே மூங்கில் முட்டுக் கொடுத்தான் சடையப்பன்.

ஆனி எட்டாம் தேதி சென்னையிலிருந்து மேலதிகாரி ஜோசப் பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. மணவாளன் ஒரு மணி நேரம் முன்னதாக ஓடிவந்தார். எலும்புக்கூடுகளை எதிர்பார்த்து வந்தவர் கொழுத்த ஆடுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போருக்குப் பின்னால் போனார். மூங்கில் முட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கங்கம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "புடிச்சிக்கினு போறதுன்னா என்னைப் புடிச்சிக்கினு போ சார். ஆட்டை வுட்டுடு."

மூங்கில் ஒன்று சாய்ந்திருந்தது. மணவாளன் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

ஜோசப் தொப்பியும் கைத்தடியுமாக வந்தார். ஆடுகளை எடை போட்டார்கள். பரிசோதனை ஆடுகள் எட்டும் பிரமாதம். ஒப்பீட்டு ஆடுகள் ஒன்பதும் பிரமாதம். ஆனால் அவற்றில் பத்தாவது செத்துப்போயிருக்கிறது.

"எவ்வளவு தீவனம் செலவாயிற்று?" என்று ஜோசப் கேட்டார்.

மணவாளன் முத்திரையைக் காட்டினார். ஜோசப் குனிந்து அரக்கைப் பார்த்தார். மூட்டை வாயைப் பார்த்தார். பழுதே இல்லை.

"ஒன்றுமே செலவாகவில்லையா?"

"முத்திரை உடையவில்லை சார்."

ஜோசப் நிமிர்ந்தார். அவருடைய நெற்றியில் ஒரு பெரிய சிந்தனை தோன்றியது. போருக்கும் பட்டிக்கும் நடுவே அடி வைத்து அளந்தார். இருபது அடி. மறுபடி அளந்தார். இருபதுதான். போரைச் சுற்றிவரப் பின்பக்கமாகத் திரும்பினார்.

கங்கம்மா சடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணவாளன் குறுக்கே வந்தார். "சார், அந்தப் பக்கம் நம் அதிகார எல்லைக்கு வெளியே."

ஜோசப் சட்டென்று நின்று, வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் தன் எல்லையைத் தாண்டி ஒன்றையும் பார்த்ததில்லை.

பத்து நாளில் அறிக்கை வெளிவந்தது. 'முத்திரையிட்ட கடலைக்கொடிப் போரிலிருந்து இருபது அடி தூரத்தில் கட்டப்பட்ட வளர்பருவச் செம்மறிகள், தீவனச் செலவின்றி, அருகாமையினாலேயே வளர்ச்சி அடைகின்றன.' இதற்கு 'அருகாமைத் தீவன முறை' என்று பெயர் சூட்டப்பட்டது. மணவாளனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆரணி வட்டாரத்தில் நாற்பது கிராமங்களில் போர்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை. அதுவரை பட்டப்பகலில் ஆட்டுக்குக் கொடி போட்டவர்கள், அதன் பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போட்டார்கள். ஆடுகள் நன்றாக வளர்ந்தன. திட்டம் வெற்றி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பக்ரீத்துக்கு முந்தின வாரம் சலாஹுதீன் பாய் வந்து பதினேழையும் ஓட்டிக்கொண்டு போனார். "பட்டணத்துல இப்ப முத்திரை ஆடுதான் கேக்கறாங்கோ. நீலத்துக்குத் தனி மவுசு. மிச்சத்துக்கும் நீலம் பூசிக் குடுத்துடேன்" என்றார். கங்கம்மா பூசிக் கொடுத்தாள். ஆடி முதல் வாரம் மாடு வந்து சேர்ந்தது. கொம்பு கொஞ்சம் கோணல். மற்றபடி நல்ல மாடு. சம்பா உழவு நின்றுபோகவில்லை.

ஆவணியில் ஒருநாள் அப்பாவு ஊரில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"யக்கா, எங்க ஆடுங்களுந்தான் போருக்கு இருபதடில கட்டிக் கெடக்குது. உன்னுதாட்டம் வரலியே. இன்னா பண்ணே, சொல்லு."

கங்கம்மா உள்ளதைச் சொன்னாள். "கடலைக்கொடி, தவிடு, உளுத்தம்பொட்டு, சாயங்காலம் துளி புண்ணாக்கு. வேற ஒண்ணுமில்ல."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"டப்பு பாத்ததும் மாறிட்டியே யக்கா" என்றான் அப்பாவு வருத்தமாக. "கொடி நானுந்தான் பின்னால உருவிப் போடறேன். அது வேற. நான் கேக்கறது ரகசியத்த."

"அதான் அப்பாவு ரகசியம்."

"சொல்ல இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. ஊர்க்காரன ஏமாத்தாத."

அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் போகவில்லை. ஒருவரும் நம்பவும் இல்லை. அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது.

"சரி" என்றாள் கங்கம்மா. "வெள்ளிக்கெழமை காலைல ஆட்டுங்கள வரிசையா நிக்கவச்சி, முத்திரையப் பாக்கறாப்பல மூஞ்சத் திருப்பி வுடணும். கெயக்குப் பக்கம் வாலு இருக்கணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றான் அப்பாவு. கூட்டம் திருப்தியோடு கலைந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கொக்குமேட்டு ஆடுகள் அத்தனையும் முத்திரையைப் பார்த்து நின்றன. அதற்கடுத்த வாரம் ஆரணியில் நின்றன. மூன்றாவது வாரம் மணவாளன், இப்போது பெரிய ஜீப்பில், நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"எத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் அம்மா?"

கங்கம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கொடிப்போருக்குப் பின்னால் நின்று மூங்கிலை நிமிர்த்தி வைத்த மனுஷன். அந்த முகத்தில் கேலியே இல்லை, உண்மையாகவே கேட்கிறார்.

"பதினஞ்சு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.

தை மாதம் கங்கம்மாவுக்குப் புதிதாகப் பதினோரு குட்டிகள் சேர்ந்தன. கொடி போட்டாள், தவிடு போட்டாள், உளுத்தம்பொட்டு போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டியிலிருந்து அவற்றை வெளியே ஓட்டிவந்தாள். தெருவில் யாரும் இல்லை. எந்த உத்தரவும் அவளுக்கு வரவில்லை. கொஞ்சநேரம் யோசித்தாள்.

அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து முத்திரையைப் பார்க்கத் திருப்பி விட்டாள்.